மாரடைப்புக்குப் பின் நடக்கலாமா?

கும்பகோணத்தில் என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு மரக் கட்டில் உண்டு. தாத்தா காலத்துக் கட்டில். சென்ற ஆண்டு ஐப்பசி முதல் தை வரை, ஏறக்குறைய மூன்று மாத காலம், அந்தக் கட்டிலை விட்டுப் பெரியப்பா இறங்கவே இல்லை என்று சொல்லலாம்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வயது 63. பத்து வருஷங்களாக ரத்தக் கொதிப்பு உண்டு. அதற்கு மாத்திரையும் உண்டு. தலை சுற்றினால் சாப்பிடுவார். சுற்றவில்லை என்றால் மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் மார்பில் அம்மிக் குழவியை வைத்து அழுத்துவது போல் வலி வந்தது. இடது தோளுக்குப் பரவித் தாடை வரை ஏறியது. தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். மாரடைப்பு! அடைத்துக்கொண்ட ரத்தக் குழாயைப் பலூன் விட்டு விரித்து, ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயைப் பொருத்தினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆள் பிழைத்து வந்தாரே என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

பெரியம்மா சட்டம் போட்டாள். "நீங்க ஒண்ணும் அசையக் கூடாதுங்க. தண்ணி, காப்பி, பேப்பர் எல்லாம் கட்டிலுக்கே வரும்." காய்கறி வாங்கப் போகக் கூடாது. மாடிப்படி ஏறக் கூடாது. தெருவில் யாராவது உரக்கப் பேசினால் பெரியம்மா போய்க் கதவைச் சாத்திவிடுவாள். பேரனுடைய கிரிக்கெட் பந்தைக்கூட ஒளித்து வைத்தாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "நல்லா ரெஸ்ட் எடுங்க ஸார்!"

எடுத்தார். எடுத்து எடுத்து, குளித்துவிட்டு வந்தாலே மூச்சு இரைக்கும்படி ஆயிற்று. தொடைச் சதை வற்றியது. தொந்தி மட்டும் வளர்ந்தது. இரவில் தூக்கம் போயிற்று. மார்பில் எறும்பு ஊர்ந்தாலும் அடுத்த அட்டாக் வந்துவிட்டதோ என்று பயம். இத்தனைக்கும் மேலாக, எந்தக் கொதிப்பு அவரை இந்தப் பாடு படுத்தியதோ அந்தக் கொதிப்பு, இப்போது மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கியும், 150-க்குக் கீழே இறங்க மறுத்தது.

பொங்கலுக்குப் போயிருந்த நான் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கும் டாக்டர் கையெழுத்துக்கும் நடுவில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. இருதயப் புனர்வாழ்வுப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அதை அந்த வீட்டில் யாரும் படிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.

"புனர்வாழ்வா? அது விபத்தில் கால் போனவர்களுக்கு அல்லவா?" என்றார் பெரியப்பா.

ஆறு வாரக் காவல்

பெரியம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. அவள் செய்ததைத்தான் உலகத்து டாக்டர்கள் நாற்பது வருஷ காலம் செய்தார்கள்.

இருதயத்தின் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலும் ஆள் உடனே சாக வேண்டும் என்பதில்லை, பிழைப்பவர்களும் உண்டு என்று 1912-ல் தெளிவாக எழுதியவர் சிகாகோ நகரத்து டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக். பிழைத்தவர்களுக்குப் பூரண ஓய்வு வேண்டும் என்றார் அவர். போகப் போக அந்த ஓய்வு நீண்டு ஆறு வாரமாயிற்று. ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இருதயச் சதை கெட்டியான தழும்பாக மாற ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கிறது. அதுவரை அசையாதே என்பது அவர்கள் வாதம். நோயாளி தானாகப் புரண்டு படுக்கக் கூடாது. நர்ஸ் வந்து புரட்டிவிட வேண்டும். ஆகாரத்தை ஊட்டிவிட வேண்டும். மற்றதெல்லாம் படுக்கையிலேயே.

ஒடிந்த கையைக் கட்டுப் போட்டு வைப்பது போல, அடிபட்ட இருதயத்தையும் அசையாமல் வைப்போம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இருதயம் கை அல்லவே! நாம் தூங்கினாலும் அதற்கு லீவு கிடையாது. நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்று கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். நாம் படுத்துக்கொண்டால் ஓய்வெடுப்பது காலும் கையும்தான். அசையாத காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாக உறைகிறது. அந்தக் கட்டி நகர்ந்து போய் நுரையீரல் குழாயை அடைக்கிறது. மாரடைப்பில் தப்பியவர்களில் பலர் இப்படிப் படுக்கையினாலேயே செத்துப்போனார்கள்.

நாற்காலி வந்தது!

பாஸ்டன் நகரத்தில் ஸாமுவேல் லெவைன் என்று ஒரு பெரிய இருதய டாக்டர். படுக்க வைப்பதுதான் கெடுதல், உட்கார வைத்துப் பார்ப்போமே என்று அவருக்குத் தோன்றியது. அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் பெர்னார்ட் லௌன் அந்தப் பொறுப்பை ஏற்றார். மாரடைப்பு வந்த சில நாட்களுக்குள் நோயாளியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்த்த வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை!

ஆனால் ஆஸ்பத்திரியில் எழுந்த எதிர்ப்பைப் பார்க்க வேண்டும். நோயாளியைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லௌன் வார்டுக்குள் வந்தால், மற்ற டாக்டர்கள் பூட்ஸ் காலைத் தட்டி நின்று ஹிட்லருக்கு அடிப்பது போலச் சல்யூட் அடித்துக் கேலி செய்தார்களாம். லௌன் யூதர். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளே ஆன காலம். அந்தக் கேலி எவ்வளவு குரூரமானது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

81 நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்த அனுபவத்தை லெவைனும் லௌனும் 1952-ல் வெளியிட்டார்கள். உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. முகம் தெளிந்தது, பயம் குறைந்தது, எப்போது நடக்கலாம் என்று கேட்கவும் ஆரம்பித்தார்கள். இதே லௌன்தான் பிற்காலத்தில் அணு ஆயுதத்துக்கு எதிராக டாக்டர்களைத் திரட்டியவர். அந்த அமைப்புக்கு 1985-ல் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. அது வேறு கதை.

நாற்காலிக்கு வந்த மூன்றாவது வருஷம் ஒரு பெரிய மனிதருக்கு மாரடைப்பு வந்தது. 1955 செப்டம்பர் 24. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரத்தில் லீவில் இருந்தார். முதல் நாள் முழுவதும் கோல்ஃப் ஆடியிருந்தார். நடுநிசிக்கு மேல் மார்வலி. வயிற்றுக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள்! மறுநாள் பிற்பகலில்தான் ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாஸ்டனிலிருந்து டாக்டர் பால் டட்லி வைட் விமானத்தில் வந்து இறங்கினார். தினமும் நடப்பதையும் சைக்கிள் விடுவதையும் வேதம் போல் நம்பியவர் அவர். ஜனாதிபதியைப் படிப்படியாக உட்கார வைத்தார், நிற்க வைத்தார், நடக்க வைத்தார். ஏழு வாரத்தில் ஐசனோவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார். அடுத்த வருஷம் தேர்தலில் நின்று ஜெயித்தார். இருதயக் கோளாறு அதன் பிறகும் அவரை விடவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் 13 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 78-ம் வயதில் 1969-ல்தான் காலமானார். மாரடைப்பு வந்தவன் மூலையில் முடங்க வேண்டியவன் என்ற எண்ணத்தை உலகத்தின் மனத்திலிருந்து அசைத்தது அவருடைய அந்த இரண்டாவது தேர்தல்தான்.

மூன்று வாரமும் முப்பது வருஷமும்

படுக்கை என்ன செய்யும் என்பதை அளந்தே பார்த்துவிட்டார்கள். 1966-ல் டல்லஸ் நகரத்தில், நோய் நொடி இல்லாத இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். எழுந்தபோது, கடும் உழைப்பில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்கள் சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பிறகு பயிற்சி கொடுத்துச் சரிசெய்தார்கள். வேடிக்கை அதோடு முடியவில்லை. அதே ஐந்து பேரையும் முப்பது வருஷம் கழித்து, ஐம்பது வயதில் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்!

வாலிபர்களுக்கே இப்படி என்றால், 63 வயதில் மூன்று மாதம் படுத்தவர் குளித்துவிட்டு வரும்போது மூச்சு வாங்கியதில் என்ன ஆச்சரியம்?

இதற்கு எதிர்ப் பக்கத்தைக் காட்டியவர் லண்டன் டாக்டர் ஜெர்ரி மாரிஸ். லண்டன் மாடி பஸ்களில் ஒரே சம்பள வர்க்கத்து ஆட்கள் இரண்டு பேர் வேலை செய்தார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் டிரைவர்களுக்கு வருவதைவிட வயது தள்ளி வந்தது, உயிரைக் குடிப்பதும் குறைவு. 1953-ல் இது வெளியாயிற்று. மாரிஸ் அதோடு விடவில்லை. யூனிபார்ம் தைப்பவர்களிடமிருந்து இடுப்பு அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டைதான் பெரியது! தாமும் ஓடத் தொடங்கிய மாரிஸ் 99 வயது வரை இருந்தார்.

கொதிப்புக்காரர் நடந்தால் ஆபத்தில்லையா?

இங்கேதான் வாசகர்களில் பாதிப் பேருக்குச் சந்தேகம் எழும். நடந்தால் ரத்த அழுத்தம் ஏறுமே! ஏற்கனவே கொதிப்பு இருப்பவரை நடக்கச் சொல்வது எரிகிற அடுப்பில் விறகு செருகுவது ஆகாதா?

கேள்வி நியாயமானது. பதில் சொல்லுமுன் கொதிப்பை ஒரு காலத்தில் எவ்வளவு அலட்சியமாக நினைத்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்டைப் பரிசோதித்த இளம் டாக்டர் ஹோவர்ட் புரூயன் 186-க்கு 108 என்ற அழுத்தத்தைக் கண்டு திடுக்கிட்டார். அந்தக் காலத்தில் வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும் என்பது பல பெரிய டாக்டர்களின் நினைப்பு. இறக்குவதற்கு நல்ல மருந்தும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் பின்னந்தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்தபோது மேல் எண் 300-ஐத் தாண்டியிருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அவருக்கும் வயது 63.

நான்கு வருஷம் கழித்து, 1949-ல், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தி வேர் கொதிப்பை இறக்குகிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அதற்குப் பிறகு ரகம் ரகமாக மாத்திரைகள் வந்துவிட்டன. இன்று கொதிப்பால் சாவது பெரும்பாலும் மருந்து இல்லாததால் அல்ல. இருக்கிற மருந்தைச் சாப்பிடாததால்.

சரி, நடப்பதற்கு வருவோம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். போகும் குழாய் சுருங்கி விறைத்துப் போனால் மோட்டார் திணறும். கொதிப்புக்காரரின் நிலை அதுதான். உடம்பெங்கும் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் இறுகியிருக்கின்றன. அவற்றை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. தடித்த சதை பலமான சதை என்று நினைக்க வேண்டாம். அது விறைத்த சதை.

நடக்கும்போது மேல் எண் ஏறுவது உண்மை. அது ஏறத்தான் வேண்டும். ஆனால் அதே வேளையில் வேலை செய்யும் தசைகளில் உள்ள குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. குழாயின் உட்சுவரே அதற்கான ரசாயனத்தைச் சுரக்கிறது. நடந்து முடித்து உட்கார்ந்ததும் அழுத்தம், புறப்பட்டபோது இருந்ததைவிடக் கீழே போய், பல மணி நேரம் அங்கேயே நிற்கிறது. வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால் இந்தத் தற்காலிக இறக்கம் நிலைத்த இறக்கமாகிறது. கொதிப்பு உள்ளவர்களுக்குச் சராசரியாக மேல் எண் 5 முதல் 8 வரை குறையும் என்று கண்டிருக்கிறார்கள். கேட்க அற்பமாக இருக்கலாம். ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு அது கிட்டத்தட்டச் சமம். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு கூட.

ஆபத்து எப்போது என்றால், அளவு இல்லாமல் செய்யும்போது. அந்த அளவைக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் புனர்வாழ்வுப் பயிற்சி என்று பெயர்.

இருபதுக்குப் பதின்மூன்று மார்க்

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை பெரியப்பாவை அழைத்துக்கொண்டு நானும் பெரியம்மாவும் தஞ்சாவூர் போனோம். கீழ்த் தளத்தில் நீண்ட கூடம். நாலைந்து நடை யந்திரங்கள், அசையாத சைக்கிள்கள், சுவரோரம் நாற்காலிகள். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் பெண் ஒரே ஒருவர். பெண்களுக்கு மாரடைப்பு வருவதில்லை என்பதல்ல காரணம். அவர்களை இந்த மாதிரி இடத்துக்கு அனுப்புவது குறைவு. இது நம் ஊரில் மட்டுமல்ல, உலகமெங்கும் உள்ள குறை.

முதல் நாள் யந்திரத்தில் ஏற்றவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள், மாத்திரைகளை எண்ணிக் கேட்டார்கள். பிறகு ஒரு தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். ஓட வேண்டாம், உங்களால் முடிந்த வேகம், களைத்தால் நின்றுகொள்ளலாம். பெரியப்பா இரண்டு தடவை நின்று, 260 மீட்டர் நடந்தார். நடந்து முடித்ததும் அவர் கண்ணில் நீர். வலியினால் அல்ல. மூன்று மாதத்தில் அவர் நடந்த மிக நீண்ட தூரம் அது.

பெரியம்மா பயிற்சி கொடுக்கும் பெண்ணைத் தனியே அழைத்தாள். "ஏம்மா, நடக்கும்போது ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"அப்படி ஆகறது ரொம்ப அபூர்வம்மா. அப்படியே ஏதாவது தெரிஞ்சாலும் டாக்டர் அடுத்த ரூம்லதான் இருக்கார். வீட்டுல கட்டில்ல இருக்கும்போது ஆனா யாரும்மா இருப்பாங்க?" என்றாள் அந்தப் பெண்.

பெரியம்மா பதில் பேசவில்லை.

வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம். ஒவ்வொரு தடவையும் முதலில் அழுத்தம் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போதே 180-க்கு 110-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி இல்லை, நேரே டாக்டரிடம் போ. பத்து நிமிஷம் மெதுவாகக் கை கால் அசைத்து உடம்பைச் சூடேற்ற வேண்டும். அப்புறம்தான் நடை. கடைசியில் இன்னொரு பத்து நிமிஷம் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கொதிப்புக்காரர்கள் இந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை விடவே கூடாது. விரிந்த குழாய்களில் ரத்தம் காலில் நிற்கும்போது திடீரென்று நின்றுவிட்டால் அழுத்தம் சட்டென்று விழுந்து மயக்கம் வரும். மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

எவ்வளவு வேகம்? நாடித் துடிப்பைப் பிடித்துப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் பெரியப்பா சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று நாடியையே அடக்கி வைக்கும் ரகம். அது பொய்க் கணக்குக் காட்டும். ஆகவே ஸ்வீடன் தேசத்து உளவியல் நிபுணர் குன்னார் போர்க் வகுத்த வேறொரு வழி. சுவரில் 6 முதல் 20 வரை எண் போட்ட அட்டை தொங்குகிறது. 6 என்றால் சும்மா இருப்பது. 20 என்றால் இனி ஓர் அடி முடியாது. நோயாளியே தம் சிரமத்துக்கு மார்க் போட வேண்டும். 11-க்கும் 13-க்கும் இடையில் இருந்தால் சரி. வாழ்நாளெல்லாம் பையன்களிடம் நூற்றுக்கு நூறு கேட்ட மனிதர், இருபதுக்குப் பதின்மூன்று போதும் என்று கேட்டபோது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! அட்டை இல்லாத இடத்தில் இன்னும் சுலபமான கணக்கு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேச்சே வரவில்லை என்றால் அதிகம்.

மார்பில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மேலான மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நின்றும் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் நடந்து பார்ப்போம்' என்பது மட்டும் கூடாது.

குடத்தைத் தூக்கும்போது

ஒரு விஷயத்தை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கொதிப்புக்காரருக்கு நடையைவிட ஆபத்தானது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவது. 1985-ல் கனடாவில், பலசாலிகளான தேகப் பயிற்சி வீரர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவியைச் செருகி, இரண்டு காலாலும் பெரும் பாரத்தைத் தள்ளச் சொல்லி அளந்தார்கள். சராசரி 320-க்கு 250 வரை போயிற்று! பாரம் மட்டும் அல்ல காரணம்; மூச்சை அடக்கி முக்குவதும் சேர்ந்துதான்.

தண்ணீர்க் குடத்தைத் தம் பிடித்து இடுப்பில் ஏற்றுவது, காஸ் சிலிண்டரை நகர்த்துவது, மலச்சிக்கலோடு போராடுவது எல்லாம் இதே ரகம்தான். பாரமே தூக்கக் கூடாது என்பதில்லை. இலேசான பாரத்தை, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்கினால் அதுவும் நல்ல பயிற்சி. சில வாரம் கழித்துப் பெரியப்பாவுக்கும் கையில் ஒரு கிலோக் குண்டுகளைக் கொடுத்தார்கள். சிரசாசனமும் மூச்சை அடக்கும் பிராணாயாமமும் கொதிப்புக்காரர்களுக்கு உதவாது என்று சொல்வதற்கும் காரணம் இதுவே.

யோகத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர்கள் கோபிக்க வேண்டாம். இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தி 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரத்தில் 13 வகுப்புகளாக எளிய ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம். மற்ற பாதிக்கு வழக்கமான அறிவுரை. சாவும் மறு அட்டாக்கும் குறைந்தன என்று நிரூபிக்க அந்த எண்ணிக்கை போதவில்லை. ஆனால் யோகம் செய்தவர்கள் தங்கள் உடல்நிலை தேறியதாக உணர்ந்தார்கள். பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். யந்திரங்கள் இல்லாத ஊருக்கு இது ஒரு வழி.

நடைப் பயிற்சியின் கணக்கு இதைவிடத் தெளிவு. உலகமெங்கும் நடந்த 85 ஆராய்ச்சிகளில் 23,430 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், பயிற்சி பெற்றவர்களுக்கு இருதய நோயால் வரும் சாவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இவ்வளவு பலன் தரும் சிகிச்சைக்கு நம் நாட்டில் மையங்கள் எவ்வளவு குறைவு! ஸ்டென்ட் வைக்க லட்சக் கணக்கில் செலவழிக்கும் இடங்களில்கூட இதற்கு ஒரு கூடத்தை ஒதுக்க மனம் வருவதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கொதிப்பு மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்கே கொண்டு போகத் துணிந்தது. அந்த வாசலிலேயே மாரடைப்பு வந்தவருக்கும் அளந்து நடக்கச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

உப்புக் கணக்கு

வகுப்பு நடையோடு முடிவதில்லை. ஒரு நாள் மாத்திரையைப் பற்றி, ஒரு நாள் பயத்தைப் பற்றி, ஒரு நாள் தாம்பத்தியத்தைப் பற்றிக்கூடப் பேசினார்கள். (இரண்டு மாடிப் படிகளை மார்வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் ஏறக்கூடியவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையாம்.) ஒரு நாள் சமையலைப் பற்றி. அன்று பெரியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 300 கிராம். ஒரு கிலோப் பாக்கெட் மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். "நம்ம வீட்டுல ஒரு மாசம் வந்தா அதிசயம்" என்றாள் பெரியம்மா. இதில் மாவடு, அப்பளம், மோர் மிளகாய் சேர்த்தி இல்லை! மறுநாளே மாவடு ஜாடி எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. பெரியப்பாவுக்கு அட்டாக் வந்த அன்றுகூட அவர் முகம் அவ்வளவு வாடவில்லை.

அழுத்தம் பார்க்கும் யந்திரம் ஒன்றும் வாங்கினார்கள். காப்பி குடித்தவுடன் பார்க்கக் கூடாது. அரை மணி போக வேண்டும். ஐந்து நிமிஷம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய உட்கார்ந்து, கை இருதய மட்டத்தில் இருக்கப் பார்க்க வேண்டும். பேசாமல் ஐந்து நிமிஷம் உட்காருவதுதான் தலைமையாசிரியருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான பயிற்சி.

சித்திரையில் பன்னிரண்டு வாரம் முடிந்தது. அதே தாழ்வாரம், அதே ஆறு நிமிஷம். நிற்காமல் 405 மீட்டர். ரத்த அழுத்தம் 132-க்கு 82. மாத்திரை ஒன்றும் குறையவில்லை; குறைக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

போன மாதம் கும்பகோணம் போனபோது விடியற்காலை ஐந்தரைக்கு அவர் கட்டில் காலியாக இருந்தது. மகாமகக் குளத்தங்கரையில் போய்ப் பிடித்தேன். பெரியப்பா மேற்குக் கரையில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் பெரியம்மா, கையில் தண்ணீர் பாட்டில், இடுப்பில் செருகிய மாத்திரைப் பொட்டலம்.

"என்னங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க. எத்தனை மார்க்கு?" என்று குரல் கொடுத்தாள்.

"பன்னிரண்டு!" என்றார் திரும்பாமலே.

கட்டிலை மாடி அறைக்கு ஏற்றப் போகிறார்களாம். தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. இனி படுக்க வேண்டுமானால் பதினெட்டுப் படி ஏற வேண்டும்.